சரக்கு எண் 4017

பொருள்கள் தொலைவது எனக்குப் பிடிக்காது, ஐயா. வீட்டில் சீப்பு இடம் மாறினால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்தக் குணத்தைச் சொல்லித்தான் உறைகுளிர்க் கிடங்கில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் மச்சான். என் மனைவியின் அண்ணன். அங்கே இருபது வருஷமாக ஸ்டோர்கீப்பர்.

ரேடியோ சில்லு முறையைக் கொண்டுவந்தது நான். ஒவ்வொரு பெட்டியிலும் நகத்தளவு சில்லு ஒன்று. பெட்டி நகர்ந்தால் பக்கத்துக் கேமரா தானாக அதைப் பார்க்கும். என் திரையில் படம் வரும். அனுமதியில்லாத சரக்கு உள்ளிருந்து வாசலை நெருங்கினால் கதவு பூட்டிக்கொள்ளும். கதவின் உள்பக்கம் இருந்த அவசரப் பிடியையும் கழற்றச் சொன்னேன். திருடனுக்கு நாமே வசதி செய்து தருவானேன்?

மச்சானுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"மாப்ளே, இருபது வருஷத்துல ஒரு பெட்டி தொலைஞ்சதில்ல. இப்ப எதுக்கு ஸ்டிக்கர் ஒட்டி விளையாடுறீங்க?" என்பார், சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும்.

"வீட்ல அக்காவுக்கும் ஒண்ணு ஒட்டியாச்சா சார்?" என்பார் லாரி டிரைவர்.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் கைப்பையில் ஒட்டியிருந்தேன். அது வேறு விஷயம்.

மேனேஜர் மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தார். "ஒரு கோளாறும் இல்லாம ஓடினா வச்சுக்கலாம். இல்லன்னா மொத்தத்தையும் கழட்டிட்டு நீங்களும் கெளம்பலாம்."

கெடுவின் கடைசி நாள். மச்சான் வேலை நேரத்தில் எத்தனை தடவை டீக்கு நழுவுகிறார் என்பதையும் அறிக்கையில் சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. காலையில் அவருடைய குளிர்கோட்டின் உள்துணியில் ஒரு சில்லு வைத்துத் தைத்தேன். கணினியில் மனிதருக்கென்று பிரிவு கிடையாது. சரக்கு எண் 4017 என்று பதிந்தேன். விவரம் என்ற இடத்தில் 'பழையது, கனமானது' என்று போட்டேன். வெளியே போகும் அனுமதியைப் பதிய மறந்துவிட்டேன். அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போனார். திரும்பி வாசலுக்கு வந்ததும் கதவு பூட்டிக்கொண்டது. என் முறை அவ்வளவு துல்லியம்.

முதலில் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். டீ குடிப்பதுபோல் கை காட்டினார். அப்புறம் கதவைத் தட்டினார். இரும்புச் சுவருக்குள் போன் எடுக்காது. பிறகு கும்பிட்டார். எனக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை என்பதால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பட்டனைத் தட்டினால் திறந்திருக்கும். ஆனால் கட்டாயமாகத் திறந்ததாக அது கோளாறுப் பட்டியலில் ஏறிவிடும். மேனேஜர் நாலு மணிக்கு வருகிறார். சுத்தமான எண்பத்தொன்பது நாள், ஐயா.

கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்தால் கதவு தானாகவே திறந்திருக்கும். அவரோ அதை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். பிடிவாதக்காரர்.

சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் தேடினார். "பெரியவர் எங்க சார்?"

"பேங்க்குக்குப் போயிருக்கார்" என்றேன். நம்பிவிட்டார். மனிதர்கள் சொல்வதை நம்பினால் இப்படித்தான்.

நாலு மணிக்கு மேனேஜர் அறிக்கையைப் படித்தார். தொலைந்த பொருள் இல்லை, கோளாறு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்கய்யா உங்க மச்சான்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

என் மனைவி என்னைக் கொலைகாரன் என்கிறாளாம். அண்ணன் போன துக்கம், பேசட்டும். ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. மற்ற இடமாயிருந்தால் ஊரெல்லாம் தேடியிருப்பார்கள். நான் எண்ணைத் தட்டினேன். மூன்று நொடியில் திரையில் வந்துவிட்டார். நாலாவது அடுக்கின் கீழே, இரண்டு மணி நேரமாக அசையாமல்.

தொலையவில்லை பாருங்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.