ஐஸ்கட்டியாகப் பறந்த புரதம்

தேக்கா சந்தையில் தோசைக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அக்கா தங்கை இருவர். அக்கா பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வாளர், தங்கை மருத்துவமனையில் தாதி என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. திடீரென்று அக்கா சொன்னார்:

"என் புரோட்டீன் உறைஞ்சுபோய் ஐஸ்கட்டி மாதிரி பறக்குதுடி."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கம்ப்யூட்டர்லதானே?" என்றார் தங்கை.

"ஆமா. அணுவெல்லாம் எப்படி அசையுதுன்னு கணக்குப் போடுறோம். அணு அசையுற வேகம்தான் சூடு. அது மாறாம இருக்க, அந்த வேகத்தை அப்பப்ப கூட்டிக் குறைக்கிறதுதான் என்னோட மெத்தட். சூடு கரெக்டாத்தான் காட்டுச்சு. நேத்துதான் படமா ஓட்டிப் பார்த்தேன். உள்ள ஒரு அசைவும் இல்ல, மொத்தமா ஒரே பக்கம் பறக்குது."

"டெம்பரேச்சர் மட்டும் பார்த்துட்டு பேஷன்ட் நல்லாருக்கார்னு நான் எழுதினா, எங்க வார்ட் இன்சார்ஜ் என் தோலை உரிச்சிடுவாங்க லா."

"குத்திக்காட்டாதே. நாளைக்கு செமினார். ரெண்டு வருஷ வேலை."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

வரிசை இரண்டடி நகர்ந்தது. அக்கா கைப்பேசியை எடுத்து எதையோ தட்டினார்.

"கேன்சல் பண்றியாக்கா?"

"இல்ல, தலைப்பை மாத்துறேன். என் மெத்தட் எங்க தப்பாப் போச்சுன்னு பேசப் போறேன்."

"அதைக் கேக்க யாரு வருவா?"

"போன தடவை, மெத்தட் நல்லா வேலை செய்யுதுன்னு பேசினப்ப ஏழு பேர் வந்தாங்க. நாளைக்கு வந்து பாரு, நிக்க இடம் இருக்காது."