போட்டதை எடுத்துடு

அந்த நாற்காலி வேணாம் சார், அது ஒரு பக்கம் சாயும். இதுல உக்காருங்க. உங்க மாமா உள்ள யார்கூடயோ பேசிட்டிருக்காரு, முடிச்சதும் கூப்பிடுவாரு. முதலாளி வீட்டு மாப்பிள்ளையே ஆனாலும் வெளியதான் காத்திருக்கணும், அந்த விஷயத்துல மனுஷன் நியாயஸ்தர்.

என் தங்கச்சியா? பின்னாடி ரூம்ல மேசையைக் காலி பண்ணிட்டிருக்கா. சின்னதா ஒரு செடி வெச்சிருந்தா இல்ல, அதைப் பையில வெக்கிறா, எடுக்கிறா, மறுபடி வெக்கிறா. இன்னிக்கு அவ இங்க இருக்கலாமா போகணுமான்னு தீர்ப்பாச்சே. உங்களை வரச் சொன்னதே அதுக்குத்தானே? தெரியாதா? சரி, தெரியாதுன்னே வெச்சுக்குவோம்.

அப்ப என்ன நடந்துச்சுன்னும் தெரிஞ்சிருக்காது. டீ வரட்டும், சொல்றேன்.

நம்ம வெப்சைட்டுல ஜனங்க கண் டாக்டரு, பல் டாக்டருன்னு நேரம் பதிவு பண்றாங்க. பின்னாடி ரெண்டு டேட்டாபேஸ். ஒண்ணு நிஜம். இன்னொண்ணு நாங்க சோதிச்சுப் பாக்க வெச்சிருக்கிற டம்மி, அதுல நோயாளிங்க பேரெல்லாம் அஅஅ, ககக, இப்படித்தான் இருக்கும். சைட்டு எதைப் பாக்கணும்னு செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரி. அந்த வரிக்குக் காவல் என் தங்கச்சி.

போன வாரம் ஒரு காலையில பிடிச்சுது பாருங்க, போன் மேல போன். ஒரு அம்மா, ஏம்ப்பா, நான் கண்ணுல சொட்டு மருந்து ஊத்திட்டு வந்து உக்காந்திருக்கேன், பேரே இல்லைங்கிறா இந்தப் பொண்ணு, நான் இருக்கேனா இல்லையா, நீயே சொல்லிடுங்கிறாங்க. இன்னொருத்தர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஹம்பி, ஹல் ஹலிக்குது ஹம்பி, ஹீக்கிரம் ஹார்த்துச் ஹொல்லு... சிரிங்க சிரிங்க, நானும் போனை மூடிக்கிட்டு சிரிச்சேன். அப்புறம்தான் தெரியுது, பதிவு பண்ணவங்க அத்தனை பேரும் டம்மியில போய் ககக பக்கத்துல உக்காந்திருக்காங்க.

தங்கச்சி ஃபைலைத் திறந்தா. நிஜம்னுதான் எழுதியிருக்கு. கருப்புத் திரையில அந்தக் கமாண்டு இருக்கில்ல, இப்ப நீ என்னென்ன செட்டிங்கைப் பிடிச்சிட்டிருக்கேன்னு சைட்டை ஓட்டுற டூலைக் கேக்கிறது, அதை அடிச்சா. டம்மிங்குது. ஃபைலை அழிச்சுப் புதுசா எழுதினா. டம்மி. டூலையே தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஏத்தினா. டம்மி. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டு நானும் எழுத்தெழுத்தாப் பாத்தேன் சார், ஒரு புள்ளி தப்பில்ல.

மாமாவுக்கு அதெல்லாம் புரியுமா? கூப்பிட்டு நிக்க வெச்சு, ம்ஹ்ம்... பாரும்மா... கம்ப்யூட்டரு தப்பு பண்ணாது... ம்ஹ்ம்... மனுஷன்தான் பண்ணுவான்.

எப்படி, அவரு மாதிரியே இருக்கா? உங்க மாமியாரே ஏமாந்துருவாங்களா! நீங்க சொன்னா சரிதான், நீங்க வீட்டு ஆளு.

எரிச்சல்ல ஒரு நாள் தங்கச்சி ஃபைலை விட்டுட்டு, சைட்டைக் கிளப்புற கமாண்டோட வாலுலயே நிஜத்தைப் பாருன்னு சேத்து அடிச்சா. கேட்டுக்கிச்சு சார்! அன்னிக்குப் பூரா சைட்டு ஒழுங்கா ஓடுச்சு. ராத்திரி சர்வர் தானா ரீஸ்டார்ட் ஆச்சா, விடிஞ்சா பழைய குருடி கதவைத் திறடி. இப்படியே தினம் காலையில.

அப்பதான் எனக்கு நெருடுச்சு. எழுதி வெச்சா கேக்கலை, வாய் விட்டுச் சொன்னா கேக்குது. அப்ப நடுவுல யாரோ இருக்காங்க.

வீடுதான் சார் அது. அப்பா சுவத்துல எழுதி ஒட்டுவாரு, லைட்டை அணைக்கவும்னு. ஒருத்தனும் மதிக்க மாட்டான். அதான் ஃபைலு. கத்துற குழந்தைக்கு அப்பவே கிடைக்கும். அதான் கமாண்டுல சேத்துச் சொல்றது. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாமியார். சுவத்துல எதுவும் எழுதியிருக்காது, ஆனா அவங்க சொன்னது வீட்டுக் காத்துலயே நிக்கும். அதுக்கு என்விரான்மெண்ட் வேரியபிள்னு பேரு. சர்வருக்குள்ள யாராவது ஒருதடவை சொல்லி வெச்சுட்டாப் போதும், டூலு ஃபைலைத் திரும்பிக்கூடப் பாக்காது. ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

இங்க அதை யாரும் பயன்படுத்துறதே இல்ல, அதனால எங்களுக்கு அந்தப் பக்கம் தோணவே இல்ல. நேத்து தேடிப் பாத்தேன். அந்த மாமியாரம்மா கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காங்க. டம்மியைப் பாருன்னு.

யாரு போட்டதுன்னா, அதுலதான் சிக்கல். நம்ம ஆபீஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. ஆளுக்கொரு சாவி எதுக்குப்பா, ம்ஹ்ம், ஒரே வீடுதானேன்னு மாமா எல்லாரையும் அட்மின்ங்கிற ஒரே பேருலதான் உள்ள விடுறாரு. சர்வரைக் கேட்டா, அட்மின் வந்தாரு, அட்மின் போனாருங்குது. திருடனும் அட்மின், போலீஸும் அட்மின்.

பாஸ்வேர்டு தெரிஞ்சது யாரு யாருக்கு? தங்கச்சிக்கு. எனக்கு. ஆமா சார், என்னையும் சந்தேகப்படுங்க, தப்பில்ல. அப்புறம் சர்வரைப் பாத்துக்கிற பூட்டு. சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டு போடுற ஆளு, பேரே அதான். அப்புறம் சைட்டுப் பக்கத்தை அழகு பண்ற பையன், நாங்க கலருன்னு கூப்பிடுறவன். பச்சைப் பட்டனுக்காக என் தங்கச்சிகூட ஒரு மாசமாப் பேச்சு இல்ல. அப்புறம் நீங்க.

ஐயோ, கோச்சுக்காதீங்க. சந்தேகம்னு வந்தா பந்தியில எல்லாருக்கும் பரிமாறணும், ஒருத்தரை விட்டா மரியாதையா? உங்க சிநேகிதர் கம்பெனி இந்த சைட்டை எடுத்து நடத்துறேன்னு கேட்டிருக்காமே. நல்ல கம்பெனின்னுதான் சொல்றாங்க. அவங்க வந்தா தங்கச்சி வேலை தேவைப்படாது. சைட்டு இப்படியே தினம் கவுந்தா அவங்க சீக்கிரமே வந்துருவாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. காதுல விழுந்தது.

டீ ஆறுது, குடிங்க.

கண்டுபிடிச்சும் நான் அந்த வேரியபிளை எடுக்கலை சார். தங்கச்சிகிட்டயும் சொல்லலை, அவ மூஞ்சி கண்ணாடி மாதிரி, எல்லாம் வெளிய தெரிஞ்சிரும். நேத்து மாமா கண் டாக்டர்கிட்டப் போயிருந்தாரா, அங்க அவரு பேரு இருந்துச்சோ இல்லையோ, இங்க ரூம் காலி. மேசை மேல போன் சும்மாதானே கிடக்குது.

முதல்ல பூட்டுக்கு அடிச்சேன். ம்ஹ்ம்... பாருப்பா... சர்வர்ல போட்டதை எடுத்துடு... நான் யாருகிட்டயும் சொல்லலை... ம்ஹ்ம். அவன் பதறிட்டான், எதை சார் எடுக்கணும், நேத்து போட்ட பூட்டையா, முந்தாநாள் பூட்டையான்னு. அடுத்து கலரு. எதை சார், பச்சைப் பட்டனையா, வேலையை விட்டாலும் விடுவேன், பச்சையை எடுக்க மாட்டேன்னு அழுதுட்டான் சார்.

மூணாவது உங்களுக்கு.

என்ன சார், வேர்க்குது? ஃபேனைக் கூட்டட்டுமா?

நேத்து மாமா பேசினாரேன்னு இன்னிக்குத் தைரியமா வந்திருக்கீங்க, பாவம். அவரு எதுவும் பேசலை, அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீங்க ரொம்ப மரியாதையா, சரி மாமா, இப்பவே மாமான்னீங்க. நான் ரூமை விட்டு வந்து என் கருப்புத் திரையைப் பாக்கிறேன், மாமியாரு மூட்டையைக் கட்டிட்டாங்க, அந்த வேரியபிளைக் காணோம்.

ஆதாரமா? என்கிட்ட என்ன சார் ஆதாரம், எல்லாம் அட்மின் பண்ணதுதானே. ஆனா மூணு பேர்ல நீங்க ஒருத்தர்தான் எதைன்னு கேக்கலை.

நீங்களே உள்ள போய்ச் சொல்லிட்டீங்கன்னா நல்லது. மக புருஷன், திட்டிட்டு விட்டுருவாரு. நான் சொல்லணும்னா அவரு குரல்லயே சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும், அப்புறம் என் வேலையும் சேந்து போயிரும். போனாப் போகுது, தங்கச்சி செடி மேசைக்குத் திரும்பினாச் சரி.

அதோ, ம்ஹ்ம்னு கூப்பிடுறாரு பாருங்க. எந்திரிங்க சார்.

அந்தக் குரல் நான் இல்ல சார், நான்தான் இங்க உங்ககூடப் பேசிட்டிருக்கேனே.