ஒரு வயிற்றுக்கு ஒரு கை

வயிற்றுக் காயப் பிரிவின் தலைமை அறுவை மருத்துவர் பணி நிறைவு பெறும் நாளில், பிரிவினர் அனைவரும் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்

கத்தி எடுக்கக் கற்றவர்கள் நடுவே கத்தியைக் கீழே வைக்கவும் கற்பித்த கலைச்செல்வமே! கலங்கி வந்த குடும்பங்களின் முன்னே கலங்காமல் நின்ற கருணையே! விருது வந்தபோது வியக்காமலும், வசை வந்தபோது வாடாமலும், இந்த வார்டின் வாசலை வழக்கமான வேளையில் மிதித்த வைராக்கியமே! எங்கள் பிரிவின் தலைமகளாய் விளங்கிய டாக்டரம்மா அவர்களே! வணக்கம்.

இந்தப் பிரிவு ஒரு குடும்பம். பேச்சுக்குச் சொல்லும் குடும்பமல்ல. வெளியிலிருந்து வரும் ஒரு தவறான சொல் எங்களில் ஒருவர்மேல் விழுந்தால், அன்று எங்களில் எவருக்கும் சோறு இறங்காது. இந்தக் குடும்பத்தின் பெயர் ஒரு காலத்தில் வீதிக்கு இழுக்கப்பட்டது. அதை மீட்டுத் தந்தவர் யார், எப்படி மீட்டார் என்பதைச் சபையறியச் சொல்லாமல் மாலையை மட்டும் போட்டு அனுப்புவது எங்கள் வழக்கமல்ல. தங்களிடமே சொன்னால் பாதியில் நிறுத்தி, “அப்படி இல்லப்பா, இப்படி” என்று திருத்துவீர்கள். ஆகவே தாங்கள் சற்று நேரம் அமர்ந்து கேளுங்கள். நாங்கள் அவையோரைப் பார்த்துப் பேசுகிறோம்.

அவையோரே! மண்ணீரல் என்பது இடது விலாவுக்குள் ஒளிந்து கிடக்கும் சிறிய உறுப்பு. ரத்தத்தை வடிகட்டும், கிருமிகளோடு சண்டை போடும். வண்டி மோதினாலோ உயரத்திலிருந்து விழுந்தாலோ எளிதில் கிழிந்து ரத்தத்தைக் கொட்டும். ஒரு காலத்தில் அதற்கு ஒரே வைத்தியம்தான் இருந்தது. வயிற்றைத் திற, மண்ணீரலை எடு, மூடு. ஆள் பிழைத்துவிடுவார். ஆனால் அப்படிப் பிழைத்தவர்களில் சிலர், காயமெல்லாம் ஆறி, வேலைக்குப் போய், பிள்ளை குட்டி பெற்ற பிறகு, சாதாரணக் காய்ச்சல் என்று காலையில் படுத்து, மாலையில் போய்ச் சேர்ந்தார்கள். கிருமியோடு சண்டை போட உள்ளே ஆளில்லை.

டாக்டரம்மா இந்த வார்டுக்கு வந்த புதிதில் அப்படி ஒருவரின் மனைவி, இடுப்பில் குழந்தையோடு அவரை வழிமறித்துக் கேட்டார்: “வயித்துல போட்ட தையல் எப்பவோ ஆறிடுச்சே டாக்டர், அப்புறம் காய்ச்சலுக்குப் போய் எப்படிச் செத்தாரு?” அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே டாக்டரம்மா வீட்டுக்குப் போனார். அதையே ஆய்வாக்கினார்.

கிழிந்த மண்ணீரலையெல்லாம் எடுத்துத்தான் ஆக வேண்டுமா? நாடியும் ரத்த அழுத்தமும் நிலையாக இருப்பவர்களைப் படுக்க வைத்து, கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தால் கிழிசல் தானாக ஆறாதா? குழந்தைகளிடம் சிலர் செய்து பார்த்திருந்தார்கள். பெரியவர்களிடம் செய்யத் துணிந்தவர்கள் குறைவு. டாக்டரம்மா துணிந்தார். வேறு சில மருத்துவமனைகளும் சேர்ந்துகொண்டன.

சாலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் பொது அறுவைப் பிரிவு இருந்தது. அதன் தலைவருக்கு ‘மின்னல்’ என்று பட்டப்பெயர். சொன்ன டீ வருவதற்குள் மண்ணீரலை வெளியே எடுத்துவிடுவார். அவர் டாக்டரம்மாவை லிஃப்டில் பார்த்தால் சும்மா விடமாட்டார்.

“என்னம்மா, இன்னிக்கும் அடைகாக்கிறீங்களா? குஞ்சு பொரிச்சா சொல்லி அனுப்புங்க, வந்து பார்க்கிறேன்.”

“நீங்க பக்கத்துல வராம இருந்தாலே பொரிச்சுடும் சார்.”

லிஃப்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேன்டீனில் வேறு பேச்சு ஓடியது. டாக்டரம்மாவுக்குக் ‘கைகட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிரிவில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்றார்கள். ஒன்றை இந்த அவையில் நிமிர்ந்து சொல்லிவிடுகிறோம். கல்லீரல் பிளந்து வந்தவர்களின் வயிற்றுக்குள் கைவிட்டு, பீறிடும் ரத்தத்தை விரலால் பிடித்து நிறுத்தி, நிதானமாகத் தையல் கேட்ட கை அது. அதைப் பார்க்காதவர்கள் பேசியது எங்கள் காதில் ஏறியதில்லை.

காத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைத்தவர்களுக்கு இந்த வீட்டின் கட்டுப்பாடு தெரியாது. ஒரு நோயாளியின் வயிற்றை முதலில் எந்தக் கை தொட்டுப் பார்த்ததோ, அவர் வீட்டுக்குப் போகும்வரை அதே கைதான் தொட வேண்டும். ஷிப்ட் மாறலாம், கை மாறக்கூடாது. “நேத்து என் கைக்குப் பிசைஞ்ச மாவு மாதிரி இருந்துச்சு, இன்னிக்கு உன் கைக்குப் பலகை மாதிரி இருக்குன்னா, மாறினது வயிறா கையான்னு யாருப்பா சொல்றது?” என்பார் டாக்டரம்மா. இந்தக் கட்டுப்பாடு ஆய்வின் விதிகளில் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமே. மற்ற மருத்துவமனைகள், ஸ்கேன் இருக்கும்போது கை எதற்கு என்று கேட்டன. எங்கள் உதவி மருத்துவர் ஒருவர் மச்சினன் கல்யாண விருந்தில் பாதி இலையில் எழுந்தார். “என்ன மாப்பிள்ளை, வயிறு சரியில்லையா?” என்று பதறினார் மாமனார். “ஆமா மாமா. ஆனா என் வயிறு இல்ல” என்று சொல்லிவிட்டு ஓடிவந்தார். அந்த மாமனாரின் கோபம் தணிய வெகுகாலம் ஆயிற்று.

ஆய்வுக்கு மேலே ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது. காத்திருக்க வைத்தவர்களில் எவருக்காவது பிறகு வயிற்றைத் திறக்க நேர்ந்தால், காரணம் எதுவானாலும், அது தோல்வி. தோல்விகள் ஓர் எல்லையைத் தொட்டால் ஆய்வு அப்படியே நிற்க வேண்டும். எல்லா மருத்துவமனைகளின் தோல்விகளும் சேர்ந்து, எல்லைக்கு இன்னும் ஒன்றே ஒன்று மீதி என்ற நிலை வந்தது. அப்போதுதான் அந்தப் பால் வண்டி ஓட்டுநர் வந்தார்.

வந்தார் என்பது தவறு. அவருடைய அக்கா தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் வயிற்றில் இடித்து, மண்ணீரல் கிழிந்து, தம்பி எதிர்க் கட்டடத்தில் படுத்திருந்தான். எடுத்துவிடலாம் என்று மின்னல் சொன்னதும், அந்த அம்மாள் ஸ்ட்ரெச்சரைத் தானே பிடித்துச் சாலையைத் தாண்டினார். “ஒரே தம்பி. கத்தி வைக்காத டாக்டர் இங்கதான் இருக்காங்கன்னு சொன்னாங்க. எங்க அவங்க?” என்று வார்டு அதிரக் கேட்டார். டாக்டரம்மா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, அந்த வயிற்றில் வைத்தார். அன்று முதல் அது அவர் கைக்கு உரிய வயிறு; ஆய்வின் கணக்கிலும் ஏறியது.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. மறுநாள் காலையில் நாடி கொஞ்சம் ஓடியது. உடம்பு லேசாகச் சுட்டது. உதவி மருத்துவர் பரிசோதனை முடிவுகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்.

“ரத்த அளவு குறையல மேடம். மறுபடி ஸ்கேன் எடுத்தாச்சு, மண்ணீரல் நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு. கசிவு எதுவும் இல்ல. பொறுக்கலாம்.”

டாக்டரம்மா வயிற்றில் கை வைத்தார். கண்ணை நோயாளியின் முகத்தில் வைத்தார். நேற்று இடது விலாவுக்குக் கீழே மட்டும் முகம் சுளித்தவன், இன்று தொப்புளுக்குக் கீழே தொட்டதும் பல்லைக் கடித்தான். வயிறு கைக்கு எதிராக இறுகியது.

“மண்ணீரல் சமத்தாத்தான் இருக்கு. குடல் கிழிஞ்சிருக்கு. தியேட்டர் தயார் பண்ணுங்க.”

தலைமைச் செவிலியர் மெல்ல, “மேடம், இதையும் சேர்த்தா…” என்று தொடங்கினார்.

“தெரியும் சிஸ்டர்.”

“சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாமே மேடம்? உறுதியானதும்…” என்றார் உதவி மருத்துவர்.

“உறுதியாகறப்போ உள்ள முழுக்கச் சீழ் இருக்கும் தம்பி. அப்புறம் நீயும் நானும் உறுதியா உட்கார்ந்து அழலாம்.”

அந்த நிமிடத்தில் அவர் மனத்தில் ஓடியதைப் பின்னாளில் அவரே எங்களிடம் சொன்னார். பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு வயிற்றில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் இளகிக் கொடுக்கக் கூடாதா என்று அவர் கை அந்த வயிற்றைக் கெஞ்சியது. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். வயிறு இரங்கவில்லை. கையை எடுத்துவிட்டு, கழுவப் போனார்.

அக்காவிடம் சொன்னபோது வார்டே திரும்பிப் பார்த்தது. “கத்தி வேண்டாம்னுதானே உங்ககிட்டத் தூக்கிட்டு வந்தேன்? இதுக்கு அவன் அங்கேயே கிடந்திருப்பானே! ரோட்டைத் தாண்டினதுக்கு எனக்கு என்ன மிச்சம்?”

“கேளும்மா. மண்ணீரல் ஆறிக்கிட்டு இருக்கு, அதை எடுக்க மாட்டேன். குடல்ல ஓட்டை இருக்கு. அது தானா ஆறாது. தைச்சுட்டு வந்துடறேன்.”

“எடுக்க மாட்டீங்கல்ல? என் மேல சத்தியமா?”

“உங்க மேல எதுக்கும்மா? என் கை மேல சத்தியமா.”

திறந்தபோது, மண்ணீரலின் கிழிசலில் ரத்தம் உறைந்து, சிராய்ப்பின்மேல் பொருக்குத் தட்டியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. சிறுகுடலில் ஒரு கிழிசல். சீழ் பரவத் தொடங்கவில்லை. டாக்டரம்மா குடலைத் தைத்தார், வயிற்றைக் கழுவினார், மண்ணீரலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மூடினார். தம்பி பிழைத்தான். அக்கா வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் பால் வாங்கிக் கொடுத்தார்.

ஆய்வின் புள்ளிவிவரக் கணக்குகளைக் கவனித்துவந்தவர் அன்று மாலையே டாக்டரம்மாவின் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். எங்கள் நன்மைக்காகத்தான் சொன்னார்.

“மேடம், மண்ணீரல் ஆறிக்கிட்டுதானே இருந்துச்சு? இது குடல் கேஸ். ஆரம்பத்திலேயே ஆய்வுல சேர்த்திருக்கக் கூடாதுன்னு போட்டு எடுத்துடலாம். இதுல பொய் எதுவும் இல்லையே.”

“சேர்க்கறப்போ நமக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ நாளைக்கு வேற ஊர்ல சேர்க்கற டாக்டருக்கும் தெரியாது. நம்ம முடிவைப் படிச்சுட்டு, நம்பிக் காத்திருப்பாரு. அவர் வார்டுல ஒருத்தன் குடல் ஓட்டையோட செத்துப் போவான். இவன் நம்ம வீட்டுக்குள்ள வந்தவன். நம்ம கணக்குல இருந்துட்டுப் போகட்டும்.”

“ஆய்வு நின்னுடுமே மேடம்!”

“நிக்கட்டும்.”

நின்றது. புதிய நோயாளிகளைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கண்காணிப்புக்கென ஒதுக்கிய படுக்கைகள் உறை மாற்ற ஆளில்லாமல் கிடந்தன. மின்னல் லிஃப்டில், “நான் திறந்திருந்தா குடலையும் அன்னைக்கே பார்த்திருப்பேனே” என்றார். அதில் நியாயம் இருந்தது. டாக்டரம்மாவும், “ஆமா சார். அதுக்குத்தான் பதில் தேடறேன்” என்றார். எங்களில் சிலர் அந்த நாட்களில் கேன்டீனுக்குப் போவதையே விட்டோம். அவர் மட்டும் எப்போதும்போல் நடுமேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சில மாதங்கள் கழித்து, நிறுத்திய உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கண்காணிப்புக் குழு வந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர், இந்தப் பக்கம் டாக்டரம்மா. குழுவின் தலைவர் கடுமைக்குப் பேர் போன மூத்த பேராசிரியர்.

“ரத்தப் பரிசோதனை சொல்லல. ஸ்கேன் சொல்லல. எதை வச்சு வயிற்றைத் திறந்தீங்க?”

“கையை வச்சு.”

“யார் கை?”

“முந்தின நாள் பார்த்த அதே கை.”

மேசையின் அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. மற்ற மருத்துவமனைகளில் குடல் காயம் மறைந்திருந்தவர்களின் விவரங்களையெல்லாம் அங்கேயே வரவழைத்தார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு கை மாறிய இடங்களில், எல்லாருமே தாமதமாகத்தான் தியேட்டருக்குப் போயிருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பவில்லை. ஒரே கை பார்த்த இடம் எங்கள் வார்டு மட்டுந்தான். அங்கே சீழ் வருமுன்பே ஓட்டை அடைபட்டிருந்தது. ஓட்டுநரைக் கணக்கிலிருந்து எடுத்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆய்வு தொடரட்டும். ஒரு நிபந்தனை. இனிமே எல்லா மருத்துவமனையிலும் ஒரு வயிற்றுக்கு ஒரு கை. இஷ்டமில்லாதவங்க விலகிக்கலாம்.”

எங்கள் வீட்டு வழக்கம் அன்று விதியாயிற்று! ஆய்வு முடிந்தது. காத்திருக்க வைத்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் மண்ணீரலோடு வீடு திரும்பினார்கள். உடனே திறக்கப்பட்டவர்களைவிட அவர்களில் இறந்தவர்கள் அதிகமில்லை. மறைந்திருந்த குடல் காயங்கள் நேரத்தோடு பிடிபட்டன. இன்று பெயர்கூடத் தெரியாத ஊர்களின் வார்டுகளில், ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், தான் முதலில் தொட்ட வயிற்றின் அருகே யாரோ ஒரு மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். மின்னல் அவர்கள் அந்த முடிவுகளைப் படித்த மறுநாளே தாமாகச் சாலையைத் தாண்டி வந்தார். “ஒரு கேஸ் இருக்கும்மா. எடுக்க மனசு வரல. வந்து பாருங்க” என்றார். அவர் இன்று முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். முறைக்க வேண்டாம் ஐயா. மனம் மாறிய பெரியவரை நாங்கள் மரியாதையோடுதான் சொன்னோம்.

டாக்டரம்மா அவர்களே! இனித் தங்களிடம் பேசுகிறோம்.

இன்று காலை, மேடை போடும் சத்தத்தில் தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மாடிப்படியில் உருண்டு விழுந்து மண்ணீரல் கிழிந்து வந்த தையல்காரப் பெண் வீட்டுக்குப் போனார். தம் செருப்பைத் தாமே குனிந்து மாட்டிக்கொண்டார். அவர் வயிற்றில் ஒரு கீறல் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்ட கை எங்கள் புதிய உதவி மருத்துவருடையது. தங்கள் பெயர் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தமக்கு என்ன நடக்காமல் போயிற்று என்பதும் தெரியாது. “போயிட்டு வரேன்” என்று சொல்ல வந்தவர், “இல்ல, வரமாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

தழும்பில்லாமல் இப்படிப் படியிறங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ, அத்தனை இனிய காலைகள் தங்களுக்கு விடியட்டும்! மருந்தின் துணை நாடாத உடலும், மனிதர் துணை நீங்காத வீடும், மங்காத பார்வையும், மாறாத கிண்டலும் தங்களுக்கு என்றும் வாய்க்கட்டும்! இந்தக் குடும்பத்தின் பெயரை உயர்த்தியவரே, உயர்ந்து வாழ்க! வழி கண்டவரே, வாழ்வாங்கு வாழ்க!

நிமிர்ந்த தலையோடும் நிறைந்த நெஞ்சோடும்,
வயிற்றுக் காயப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், தியேட்டர் பணியாளர்கள், வார்டு உதவியாளர்கள்