யாரும் படிக்காத முதல் இரண்டு எழுத்துகள்

அவையின் நடுவே ஆறுதலே உருவாய் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போது கவலையோடு கடிகாரம் பார்க்கும் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே, பெற்ற பிள்ளைக்கு மட்டுமல்லாமல் பெயர் தெரியாத பிள்ளைக்கும் கை நீட்டி ரத்தம் கொடுத்த தாய்மார்களே, கணிப்பொறிக் கூடத்தின் கண்மணிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

அச்சாகி வரும் காகிதக் கட்டுகளை வண்டியில் ஏற்றி மேசைக்கு மேசை சேர்ப்பது என் தொழில். முப்பது ஆண்டுகள் தள்ளினேன். தள்ளியதில் ஒரு வரி படித்ததில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது தமிழ் படிக்கிறேன், எண்கள் படிக்கிறேன். ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரை ஆறே எழுத்து தெரியும். ஏழாவது எழுத்துக்கு வாத்தியார் இன்னும் வரவில்லை. சிரியுங்கள், சிரியுங்கள். அந்த ஆறு எழுத்து எனக்குக் கொடுத்த அதிர்ச்சியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ரத்தக் கொடையாளர் பதிவேட்டை ஓட்டும் நிரலை எழுதியவள் என் மருமகள். அசெம்ப்ளர் என்கிறார்களே, இயந்திரத்தின் காதோடு பேசுகிற மொழி, அதில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதினாள். அன்று இயந்திரத்தின் நினைவகம் சிறிய தெரு. ஒரு வீட்டின் கதவு எண்ணுக்கு, அதாவது முகவரிக்கு, எண்களும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து எட்டு எழுத்து இடம் உண்டு. ஆனால் இயந்திரம் படிப்பது கடைசி ஆறு மட்டும். முதல் இரண்டு சும்மா கிடக்கும். ஒரு நாற்காலி சும்மா கிடந்தால் நம் வீட்டில் என்ன ஆகும்? ஆமாம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள், துணி ஏறிவிடும்.

தெரு நிறைந்துவிட்டது. புதிதாய் ஒருவர் பெயர் கொடுத்தால் இடமில்லை என்றது இயந்திரம். ஆகவே நிரலையும் பெயர்களையும் மேல்நினைவகத்துக்குக் குடியேற்றினாள் மருமகள். அங்கே இடம் கடல்போல. ஆனால் அங்கே இயந்திரம் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்தே படிக்கும். மூன்று நாள் சோதித்தாள். மூன்று நாளும் முத்துமுத்தாக ஓடியது.

நான்காம் நாள் வியாழக்கிழமை. தலைமை மருத்துவர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் கேட்டது அரிதிலும் அரிதான ஒரு ரத்த வகை. விசையைத் தட்டினாள் மருமகள். பாதியில் அறுந்து விழுந்தது நிரல். மீண்டும் தட்டினாள். மீண்டும் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். விழுந்த இடத்தைக் காட்டும் காகிதக் கட்டை நான்தான் வண்டியில் கொண்டு போனேன்.

"பேரு இருக்கற இடம் மூணு, சி, ஒண்ணு, ரெண்டு, எட்டு, சைபர். நிரல் தேடிப்போன இடமும் அதேதான். முகவரி சரியா இருக்கு சார். அப்புறம் ஏன் விழுதுன்னு புரியல" என்றாள் மருமகள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் பார்ப்பேன். ஓடலைன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு வெளியாளை வெச்சுப் புதுசா எழுதிக்கறோம்" என்றார் மேலாளர்.

"அதுக்கு ஆறு மாசம் ஆகும் சார். அதுவரைக்கும் ஒரு பேரைக்கூடப் புதுசா சேர்க்க முடியாது."

"முடியாதுதான். உங்க இடத்தையும் மாத்த வேண்டியிருக்கும்."

முகவரி சரி என்றால் பிழை எங்கே? படித்தவர்கள் இருவர் குனிந்து பார்த்தும் சிக்காத பிழை எங்கே? படிக்கத் தெரிந்த ஆசையில் நானும் குனிந்தேன். எனக்கு விரல் வைத்தால்தான் எழுத்து ஓடும். அதுவும் முதல் எழுத்திலிருந்துதான் ஓடும்.

"ஏம்மா, இதுல சைபர் 'ஏ'ன்னு ஆரம்பிக்குது. அதுல சைபர் 'ஈ'ன்னு ஆரம்பிக்குதே?"

"முதல் ரெண்டை யாரும் படிக்கறதில்ல மாமா. கடைசி ஆறுதான் கணக்கு."

"படிக்காததை எதுக்கும்மா அச்சடிச்சு என் வண்டியில ஏத்துறீங்க? முப்பது வருஷமா அதையும் சேர்த்துத்தானே தள்ளுறேன்."

மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு தரையில் விழுந்தது. எடுக்கவும் இல்லை.

"அந்தக் குறியை வெச்சதே நான்தான்" என்றாள், மெதுவாக.

அவையோரே, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அரிய ரத்தம் உள்ளவரைச் சட்டென்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் குறி வேண்டியிருந்தது. எங்கே வைப்பது? சும்மா கிடந்த முதல் இரண்டு எழுத்தில் வைத்தாள். அன்று அது கெட்டிக்காரத்தனம். எல்லோரும் செய்தார்கள். மேலே குடியேறியபின் அந்தக் குறி கதவு எண்ணோடு கலந்தது, 'ஏ' 'ஈ'யானது, இல்லாத வீட்டின் கதவைத் தட்டியது நிரல். எங்கும் கிடைக்கும் ரத்தத்துக்கு ஓடியது, எங்கும் கிடைக்காத ரத்தத்துக்கு விழுந்தது. யாரைக் கண்டுபிடிக்க வைத்த குறியோ, அவர்களைத்தான் காணாமல் அடித்தது. எத்தனை கண்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்தன? ஒரு கண்ணாவது அந்த ஈயைப் பார்த்ததா? முதல் இரண்டு மேலே கணக்கில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அறிவுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. திடுக்கிட்டுப் போனேன். இன்றும் அந்தத் திடுக்கிடல் தீரவில்லை.

மேல்நினைவகத்தில் குறிக்குத் தனியிடம் கொடுத்து நிரலைத் திருத்தினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"இன்னும் எங்கெல்லாம் என்ன வெச்சிருக்கேனோ தெரியல. என் கண்ணு பழக்கத்துல தாண்டிப் போயிடுது மாமா. நீங்க ஒவ்வொண்ணுக்கும் முதல் ரெண்டை வாய்விட்டுப் படிங்க."

பத்தொன்பது பக்கம். சைபர் ஏ, சைபர் ஏ, சைபர் ஏ. நாக்கு உலர்ந்தது; விரல் கறுத்தது. பதினேழாம் பக்கத்தில் சைபர் பி.

"திரும்பப் படிங்க."

"'பி'தாம்மா. வயிறு ரெண்டு இருக்குல்ல, அந்த எழுத்து."

வெளியூர் போனவரை இப்போது அழைக்க வேண்டாம் என்பதற்காக என்றோ வைத்த குறி. வைத்தவளே மறந்த குறி. அதையும் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு. தலைமை மருத்துவர் அதே அரிய வகையைக் கேட்டார். திரையில் ஒரு பெயர் வந்தது, அடுத்தது வந்தது, பதினான்கு பெயர் வந்து நின்றன. "இடத்தை மாத்துற பேச்சை விடுங்க" என்று மேலாளர் தாமாகவே சொன்னார். சார், தலையைக் குனியாதீர்கள். அதை நல்லபடியாகத்தான் சொல்கிறேன். இதோ நடுவரிசைகளில் அமர்ந்திருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதன்பின் மேல்நினைவகத்தில் குடியேறியவர்கள். உங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு எழுத்தின் எடை தெரிகிறது.

கற்றவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தெரிந்த காகிதம் என்று தாண்டாதீர்கள். தெரிந்த வரி என்று தாண்டாதீர்கள். தெரிந்த முகம் என்று தாண்டாதீர்கள். தாண்டிய இடத்தில்தான் ஓர் உயிரின் கதவு எண் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னோர் அதிர்ச்சி. பதினொரு நாள் உட்கார்ந்து எழுதிய உரை இது. தொடக்கத்தில் எத்தனை பேருக்கு வணக்கம் சொன்னேன். தினமும் பார்க்கிற முகம் என்று ஒருவரை நானே தாண்டிவிட்டேன். பிழை என்னுடையதென்று மேலாளர் முன் முதலில் சொன்னவர். கதவோரம் கடைசி நாற்காலியில் இருக்கிறார்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. மருமகளே, உனக்கு என் வணக்கம்.