மூன்று மீற்றர் குறைந்த தொட்டி

எங்கள் நீச்சல் தொட்டி மூன்று மீற்றர் குறைவு. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆண்டு எங்கள் கழகம் வென்றதை எல்லோரும் அதிர்ஷ்டம் என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. போட்டித் தடாகம் இருபத்தைந்து மீற்றர். எங்களுடையது இருபத்திரண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குப் பின்னால் தான் குளிக்கக் கட்டியது. நீளம் குறைவு என்பதால் எங்கள் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமுறை சுவரில் திரும்பிப் பழகினார்கள். திரும்பும் இடத்தில்தான் அவர்கள் முந்தினார்கள். ஒரு திருப்பத்தில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று கண்டுபிடித்துச் சொன்னது நான். நான் கணித ஆசிரியர்.

சார்ஜன்ட், என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுத் தமிழில் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். நானே தமிழில் எழுதித் தருகிறேன். ஒருவர் வாசிக்க இன்னொருவர் நம்புவது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் தயாபரன். வயது முப்பத்தொன்று. தெமோதரைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தேன். கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு அதே தோட்டத்துப் பாடசாலைக்கு வந்தேன். என் மனைவி கம்சலாவும் அதே தோட்டம், கீழ்ப்பிரிவு. அவள் உடற்கல்வி ஆசிரியை. நீச்சலைக் கல்லூரியில் கற்றுக்கொண்டாள்.

நாற்பது வருடமாக அந்தத் தொட்டியில் தவளைதான் நீந்தியது. எங்கள் ஆட்கள் அதைக் கழுவப் போயிருக்கிறார்கள், யாரும் இறங்கியதில்லை. கம்சலா ஒரு வருடம் தோட்ட முகாமையாளரான துரையின் அலுவலகத்துக்கு நடந்து அனுமதி வாங்கினாள். பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு மாதம் பாசி சுரண்டினோம். ஓடைத் தண்ணீர். மார்ச் மாதத்திலும் பல் கிட்டும்.

சென்ற டிசம்பரில் ஒரு காலை, பிள்ளைகள் வருமுன் அவள் தனியாக நீந்தினாள். நான் கரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். தலையை நிமிர்த்தியபோது அவள் அடியில் கிடந்தாள். நான்தான் குதித்துத் தூக்கினேன். எனக்கு நீந்தத் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு நடந்தவை எரிச்சலூட்டுபவை. எட்டாம் நாள் கழியுமுன்பே லயத்தில் பேச்சு எழுந்தது. குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அது தொரமாரு தொட்டிடி. நம்மாளுக எறங்கினா சும்மா விடுமா?" பதினான்கு பிள்ளைகளில் ஐந்து பேரைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, செப்டெம்பர் வரை பார்ப்போம், பிறகு மண் போட்டு மூடிவிடலாம் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். ஆறு வருட உழைப்பு. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பெப்ரவரியில் கடிதம் வந்தது.

பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் கம்சலாவின் தகப்பனுக்கு எழுதியிருந்தார். லிங்கம் மாமா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் லயத்தில் ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். உயர்தரம் படித்த காலத்திலிருந்து அப்படித்தான். நான் எதையும் மறைத்ததில்லை, மெருகு போட்டதும் இல்லை. பக்கத்து வீட்டு இராக்கம்மாவின் புற்றுநோய் அறிக்கையைக்கூட ஒரு சொல் விடாமல் வாசித்தேன். கேட்டுவிட்டு அவர், "நீயாவது முழுசா சொன்னியேப்பா" என்றார். அந்த நம்பிக்கை எனக்கு இருந்தது.

மாமா படியில் உட்கார்ந்தார். "என்ன எழுதியிருக்காங்க மாப்புள?"

ஒரே பக்கம். இறந்தவரின் இதயத்தில் கண்ணுக்குத் தெரியும் குறை எதுவுமில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கு பிறவியிலேயே பிசகும் ஒரு நிலை இருக்கலாம். நீந்தும்போது அது உயிரை எடுக்கும். இரத்த உறவில் வருவது. உடன்பிறந்தவர்களை உடனே ஈசிஜி எடுக்கக் கூட்டி வரவும். அதுவரை அவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. இறந்தவருக்கு முன்பு தண்ணீரில் மயக்கம் வந்ததுண்டா என்பதைக் கணவர் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

"இருதயத்துல ஒரு கொறையும் இல்லன்னு எழுதியிருக்காங்க மாமா" என்றேன்.

"அப்புறம்?"

"யாரோட தப்பும் இல்ல. அவ்வளவுதான்."

முதல் வரியை நான் சரியாகவே வாசித்தேன். மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "யாரோட தப்பும் இல்ல" என்று இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் நிம்மதியாக மூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன். நான் அவருக்கு ஒரு நன்மை செய்தேன் என்று இப்போதும் சொல்வேன். பிறகு அவர் கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் அதை மடித்து வைத்தார்.

கம்சலாவுக்கு ஒரே தங்கை, யசோதினி. வயது பதினாறு. எங்கள் கழகத்தில் அவளைப்போல வேகம் யாருக்கும் இல்லை.

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நிலைமையைப் பாருங்கள். கடிதத்தை முழுதாக வாசித்திருந்தால் யசோதினி நிற்பாள். அவள் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள். துரை மண் போடுவார். குழாயடியில் பேசியவர்கள் சரி என்றாகிவிடும். கம்சலா செய்தது எல்லாம் ஒரு குழியாக மூடப்படும். வைத்தியர் 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தார். ஒரு 'இருக்கலாம்' என்ற சொல்லுக்காக ஒரு கழகத்தை மூட முடியாது.

மார்ச் முதல் போட்டிகள் தொடங்கின. பதுளையில் கடை வைத்திருக்கும் மபாஸ் தன் வான் வண்டியைக் கொடுத்தார், அவரே ஓட்டியும் வந்தார். அவருடைய மகள் ரிஸ்காவும் எங்கள் கழகத்தில் நீந்தினாள். பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு நிறம். அறிவிப்பாளர் கழகத்தின் பெயரைப் பிழையாகச் சொன்னார். மே மாதத்திலிருந்து சரியாகச் சொன்னார். மாகாணப் போட்டியில் ஒன்பது பதக்கம். அவற்றில் ஐந்து யசோதினியுடையவை. அஞ்சல் நீச்சலில் ரிஸ்கா கடைசியாக வந்து கொடுத்ததை யசோதினி முதலாவதாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். லிங்கம் மாமா வேலையை விட்டுவிட்டு வந்து குடையைத் தலைக்கு மேல் சுழற்றினார். நின்றுபோன ஐந்து பிள்ளைகளும் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார்கள். பெற்றோர் எதுவும் நடக்காததுபோலச் சிரித்தார்கள்.

நான் கரையில் ஸ்டொப் வாட்ச்சோடு நின்றேன். டிசம்பருக்குப் பிறகு நான் தண்ணீரில் இறங்கவில்லை. மபாஸ் கேலி செய்வார். "என்ன சேர், கடிகாரம் மட்டும்தான் நீந்துமா? நீங்க இறங்கினா தண்ணி கூடிருமா?" நல்ல மனிதர்.

யசோதினி நீந்தியதை நான் எண்ணினேன். பயிற்சியை விட்டுவிடுங்கள், போட்டிகள் மட்டும். ஓகஸ்ட் முடிவில் இருபத்தாறு. இருபத்தாறு முறையும் அவள் சுவரைத் தொட்டாள். ஒரு கூற்று பிழை என்று காட்ட ஒரு உதாரணம் போதும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். என்னிடம் இருபத்தாறு இருந்தன. ஒவ்வொன்றும் எனக்கு மருந்துபோல வேலை செய்தது. அவளுடைய இரத்தத்தில் எதுவும் இல்லை என்றால் கம்சலாவின் இரத்தத்திலும் இல்லை. அப்படியானால் யாரும் எதையும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது.

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். கம்சலாவுக்கு இரண்டுமுறை தண்ணீரில் கண் இருட்டியது. ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டாள். அன்று பரீட்சை மேற்பார்வை இருந்தது. வெறும் வயிற்றோடு இறங்கினால் அப்படித்தான், சாப்பிட்டுவிட்டு நீந்து என்றேன். யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதை வைத்தியரிடம் போய்ச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜூலைப் போட்டி முடிந்து மபாஸின் வான் வண்டியில் திரும்பும்போது யசோதினி முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மச்சான், திரும்புற எடத்துல கண்ணு இருட்டிக்கிச்சு. காதுல ஙொய்னு ஒரு சத்தம்."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"அர ரொட்டி."

"அதான்."

அவள் சிரித்தாள். "அக்காவையும் இதையே சொல்லித்தான் வெரட்டுவீங்க."

"ஆமாம்" என்றேன். பையிலிருந்து குளுக்கோஸ் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். பின்னாலிருந்த பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தாள்.

செப்டெம்பரில் துரை மனம் மாறினார். தோட்டக் கம்பனியிலிருந்து ஆட்கள் படம் எடுக்க வருவார்கள் என்றார். மண் போடும் பேச்சு போய், தொட்டியருகே கம்சலாவின் பெயரில் பலகை வைப்பது என்றானது. பலகையின் எழுத்தை நானே சரிபார்த்தேன். திறப்பன்று காலை பதினொரு மணி, நல்ல வெயில். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல லயத்து ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குழாயடியில் பேசியவளும் பூமாலையோடு வந்திருந்தாள். யசோதினி நான்கு நீளம் நீந்திக் காட்டுவது என்று ஏற்பாடு.

உடை மாற்றப் போகுமுன் அவள் என்னிடம் வந்தாள். "மச்சான், காலையிலேர்ந்து படபடங்குது. ரிஸ்காவ நீந்தச் சொல்லட்டுமா?"

"ஒங்கக்கா பேருல பலக. நீதான் நீந்தணும்" என்றேன்.

"சரி" என்றாள். முகத்தைச் சுளிக்கவில்லை.

மூன்றாவது நீளத்தின் நடுவில் அவள் கைகள் நின்றன. உடல் கொஞ்சத் தூரம் தானாகவே போனது, பிறகு இறங்கியது. ஆட்கள் கைதட்டினார்கள். அடியில் நீந்தி வித்தை காட்டுகிறாள் என்று நினைத்தார்கள். அங்கே அது என்னவென்று அறிந்த ஆள் நான் ஒருவன்தான். அவளுக்கும் எனக்கும் நான்கு அடி தூரம்.

கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் குதித்தால் கடிதம் சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அவள் எழுவாள் என்று காத்திருந்தேன். இருபத்தேழாவது முறையும் சுவரைத் தொடுவாள். பதினேழு செக்கன் கழித்து எதிர்க்கரையிலிருந்து மபாஸ் சப்பாத்தோடு குதித்தார். அவருக்குச் சரியாக நீந்தத் தெரியாது. அவர் அவளை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் குனிந்து கையைப் பிடித்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

அதே வைத்தியர்தான் இம்முறையும் இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா சொன்னது எனக்குக் கேட்டது. "மாப்புள வாசிச்சாருங்க டொக்டர். ஒண்ணுமில்லன்னு சொன்னாரு."  வைத்தியர் தாழ்ந்த குரலில் மாமாவுக்குக் கடிதத்தை விளக்கினார்.

மூன்றாம் நாள் காலை மாமா பிளாஸ்டிக் பையோடு என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். அதே இடம். கடிதத்தை எடுத்துப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"இன்னொருக்கா வாசிங்க மாப்புள."

அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கண்ணால் ஓட்டினேன்.

"இருதயத்துல ஒரு கொறையும் இல்லன்னு எழுதியிருக்காங்க மாமா. யாரோட தப்பும் இல்ல."

அவர் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார். "சரிங்க மாப்புள" என்றார். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார்.

மேலே உள்ளவை யாவும் உண்மை. கடிதத்தில் இருந்ததை அறிந்தே மறைத்தேன். அவளை அறிந்தே தண்ணீரில் இறக்கினேன். பதினேழு செக்கன் அறிந்தே நின்றேன். கையெழுத்திடத் தயார். தொட்டியை மூட வேண்டாம் என்று துரையிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாக நீந்துகிறார்கள்.

ஒரேயொரு உதவி. யசோதினியின் தாய், அத்தை வள்ளியம்மை, என்னோடு பேசுவதில்லை. நீங்கள் கேட்டால் சொல்வார். அன்று காலை யசோதினி சரியாகச் சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.