உடம்புச் சூடு

துலியோ: ...சும்மாதான் வந்தேன்னு சொல்றேன்ல. இங்க சிம்போத்தேயில ஒரு வேலை இருந்துச்சு. அப்படியே உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு.

நெலிதா: ரிட்டயர் ஆன ஆளுக்கு என்னய்யா வேலை? த்ருஹியோவுலேர்ந்து பஸ் புடிச்சு வர்ற அளவுக்கு?

துலியோ: இருக்கும். ஆமா, ஜன்னலை ஏன் சாத்தி வச்சிருக்காங்க?

நெலிதா: மீன்மாவு ஆலைப் புகை நோயாளிங்களுக்கு ஆகாதாம். அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுது. நான் பொறந்ததே அந்த நாத்தத்துலதான்னேன். சிரிக்கக்கூட இல்ல.

துலியோ: நம்ம லேப் இந்த வார்டுக்கு நேர் கீழதானே இருந்துச்சு?

நெலிதா: இப்ப அங்க துணி துவைக்கிறாங்க.

துலியோ: கெடக்கட்டும். அந்தக் காலரா வருஷம் வீட்டுக்கே போகாம அங்கதான கெடந்தோம்.

நெலிதா: கெடந்தோமா? நீ நாற்காலியில தூங்குவ. நான் கிருமி வளர்க்கற தட்டைப் பாத்துக்கிட்டிருப்பேன்.

துலியோ: கரண்ட் போன அன்னைக்கு யாரு தூங்கினா?

நெலிதா: ...அன்னைக்கு ரெண்டு பேரும் தூங்கல. சரி.

துலியோ: மலையில கெரில்லாக்காரனுங்க மின்கோபுரத்துக்குக் குண்டு வச்சுட்டானுங்க. பட்டப்பகல்ல ஊரே நின்னு போச்சு. இன்குபேட்டர் ஆறிக்கிட்டே வருது. உள்ள சோதனைக்கு வச்ச மேட்டுத்தெரு குழாய்த் தண்ணி.

நெலிதா: நீ அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்த. காய்ச்சல் புள்ளையத் தொடற மாதிரி.

துலியோ: பின்ன? சூடு எறங்கினா கிருமி வளராது. வளரலைன்னா தண்ணி சுத்தம்னு மேல இருக்கவங்க முடிவு கட்டிருவாங்க. செத்தாலாவது பரவால்ல. அது சாகாது, தூங்கும். யாராவது குடிச்சா, வயித்துக்குள்ள போய் முழிச்சுக்கும்.

நெலிதா: அதான் நான் கேட்டேன். மனுஷ வயித்துல வளர்றதுக்கு மனுஷ வயித்துச் சூட்டை விட எது ஒத்து வரும்னு.

துலியோ: கேட்டதோட நின்னியா? டியூப்பெல்லாம் இறுக்கி மூடச் சொல்லி, துணியில சுத்தி, வயித்தோட கட்டிக்கிட்ட. எனக்கு உயிரே போச்சு.

நெலிதா: மூடினது நீதானே. அந்த நம்பிக்கைதான்.

துலியோ: ...இத்தனை வருஷத்துல இதைச் சொன்னதே இல்லையே நீ.

நெலிதா: சொன்னா தலைக்கு ஏறிரும் உனக்கு.

துலியோ: அந்தக் கோலத்துல மார்க்கெட்டுக்கு வேற போன.

நெலிதா: எலுமிச்சம்பழத்துக்குப் போனேன். தண்ணியைக் கொதிக்க வைக்க மண்ணெண்ணெய் இல்லாதவங்க என்ன செய்வாங்க? அந்தக் கிருமிக்கு உப்பு புடிக்கும், சூடு புடிக்கும், புளிப்பு மட்டும் ஆகாது. அந்தச் சனத்துக்கு நாம குடுக்க முடிஞ்சது அந்தப் பழம்தான்.

துலியோ: நான் கூடையத் தூக்கிட்டுப் பின்னாலயே வந்தேன். மீன்கடைக்காரம்மா எந்திரிச்சு உனக்கு இடம் குடுத்து, எத்தனாவது மாசம்னு கேட்டாங்க.

நெலிதா: நாளைக்குள்ள பொறந்துரும்னேன்.

துலியோ: அப்புறம் என்னைப் பாத்து வாழ்த்து சொன்னாங்க.

நெலிதா: நீ நன்றின்னு சொன்ன. அதான் கூத்து.

துலியோ: வேற என்ன சொல்றது...

நெலிதா: மறுநாள் தட்டுல மஞ்ச மஞ்சளா காலராக் கிருமிப் பொட்டு. ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுச் சிரிச்சோம். ஊர்ல சனம் செத்துக்கிட்டிருக்கு... அதை நெனச்சா இப்பவும் கூசுது.

துலியோ: அந்தப் பொட்டைக் காட்டித்தான குழாயை மூட வச்சோம். அதுக்கப்புறம் மேட்டுத்தெருவுல ஒரு சாவு விழல.

நெலிதா: ம்.

துலியோ: ...கால் எப்படி இருக்கு?

நெலிதா: போர்வைக்கு அடியில இருக்கு.

துலியோ: நெலிதா.

நெலிதா: சர்க்கரை இருக்கு, ஈரம் இருக்கு, சூடு இருக்கு. கிருமி வளர்க்க நாம பாத்துப் பாத்துப் பண்ணினதை என் கால் தானா பண்ணிக்குது. ரத்தம் ஓடல, மருந்து போய்ச் சேர மாட்டேங்குது. உனக்கு இதைப் பாடமா எடுக்கணுமா?

துலியோ: வேணாம். ஒண்ணு கேக்கறேன்... ஒரு தட்டுல ஓரமா பூஞ்சை புடிச்சா நீ என்ன செய்வ?

நெலிதா: தட்டையே தூக்கிப் போட்டுருவேன்.

துலியோ: ...சரி. தப்பான உதாரணம்.

நெலிதா: பஸ்ஸுல வரும்போதே யோசிச்சு வச்சதா?

துலியோ: ஆமா.

நெலிதா: பாவம்யா நீ.

துலியோ: இனிமே மறைக்கல. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. உன் பொண்ணு யெசேனியா போன்ல அழுதா. முட்டிக்குக் கீழ எடுத்துரணும்னு டாக்டருங்க சொல்றாங்களாம். பேச்செடுத்தாலே நீ சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறியாம். நான் சொன்னா கேப்பியாம். எனக்கு என்னத்த சொல்லத் தெரியும்? கால் இருந்தாலும் இல்லாட்டியும்... நீ இருக்கணும். அவ்வளவுதான்.

நெலிதா: இதைச் சொல்ல ஏன்யா இவ்வளவு நேரம்?

துலியோ: முடியாதுன்னு சொல்லிட்டீன்னா, அதுக்கப்புறம் நமக்குப் பேச ஒண்ணும் இருக்காதேன்னு பயம். இப்பச் சொல்லு. டாக்டரைக் கூப்பிடட்டுமா?

நெலிதா: வேணாம், உக்காரு. காலையில அவர் வந்தப்பவே எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன். யெசேனியாவுக்குக்கூட இன்னும் தெரியாது. நீ உள்ள வந்ததும் நான் அதைச் சொல்லியிருந்தா, நல்லதுன்னுட்டு எந்திரிச்சுப் போயிருப்ப.