பஸ்காலை மறிக்க ஓர் ஆள்

ரதீசன்: ...அனுபவம் ஷெரோன், அனுபவம்! பின்னுக்கு நிண்டு மறிக்கிற ஆளுக்கு அதுதான் வேணும். வேகம் எண்டு சொல்லிப் பெடியளைக் கொண்டுபோய் நிப்பாட்டினால், பந்து ஒருபக்கம் போகும், பெடியள் ஒருபக்கம் போவாங்கள்.

ஷெரோன்: போன மட்சிலை நீங்கள் ஒருபக்கமும் போகேல்லையே. நிண்ட இடத்திலைதான் நிண்டியள்.

ரதீசன்: அதுதான் அனுபவம். எங்கை ஓடத் தேவையில்லை எண்டு எனக்குத் தெரியும்.

ஷெரோன்: உங்கடை தலைக்கு மேலாலை கோல் கோலாப் போச்சுது.

ரதீசன்: ஒஸ்ரேலியன் ஃபுட்போல் எண்டால் கோல் கனக்க விழத்தான் செய்யும். நாலு கம்பத்தை நட்டு வைச்சிருக்கிறாங்கள். வலையும் இல்லை, கோலியும் இல்லை. நான் என்ன செய்ய?

ஷெரோன்: கோலி இல்லாத விளையாட்டிலை பின்னுக்கு நிக்கிற ஆள்தான் கோலி. முட்டை மாதிரி அந்தப் பந்து மேலாலை வரேக்கை, எதிர்ப்பக்கத்தான் எம்பிப் பிடிக்க முதல் குத்தி விழுத்தவேணும். எத்தினை தரம் சொல்லித் தந்திட்டன்!

ரதீசன்: தந்தனீர், தந்தனீர். நீர் கோச் எல்லோ. மெல்பேர்ணிலை வளந்து இஞ்சை வந்த ஆள் எல்லோ.

ஷெரோன்: வளந்தது மட்டுமில்லை...

ரதீசன்: தெரியும், தெரியும். பள்ளிக்கூட அணிக்கு இடைவேளையிலை தோடம்பழம் வெட்டிக் குடுத்தனீர். கலியாணம் கட்டின நாளிலை இருந்து கேக்கிறன்.

ஷெரோன்: தோடம்பழமும் வெட்டினனான் எண்டுதான் சொன்னனான். மிச்சத்தைச் சொல்ல நீங்கள் ஒருநாளும் விடேல்லை.

ரதீசன்: அது சரி, குசினியிலை ஏன் ஒரு பெட்டி தோடம்பழம்?

ஷெரோன்: நாளைக்கு மட்சுக்கு. புட்டைச் சாப்பிடுங்கோ, ஆறுது.

ரதீசன்: இண்டைக்கும் புட்டோ? புதன்கிழமையிலை இருந்து புட்டு, இடியப்பம், பாண்... ஒரு சோறு கறி இல்லையோ இந்த வீட்டிலை?

ஷெரோன்: சோறு காய்ச்ச அரிசி வேணுமெல்லோ. ஒரு முழு மூட்டை பேஸ்மென்டிலை இருந்தது. எங்கை?

ரதீசன்: எ... எலி.

ஷெரோன்: மூட்டையோடை கொண்டுபோச்சுதோ?

ரதீசன்: இந்த ரொக்ஸ்பரோப் பக்கத்து எலியள் பெரிசு.

ஷெரோன்: கார் சீற் ஏன் நனைஞ்சு கிடந்தது?

ரதீசன்: அதுவும்... எலியாத்தான் இருக்கும்.

ஷெரோன்: அரிசியைத் திண்டுபோட்டுக் காரிலை ஏறிக் குளிச்சதோ?

ரதீசன்: கதையை மாத்தாதையும் ஷெரோன்! நாளைக்குச் சென்ட்-ஆன் மைதானத்திலை பின்னுக்கு நிக்கிறது ஆர்? நானோ, லக்ஷனோ? அதைச் சொல்லும்.

ஷெரோன்: அதைத்தானே நானும் யோசிக்கிறன். ஒரு இடம்தான் மிச்சம். லக்ஷன் உங்கடை தங்கச்சியின்ரை மகன், பத்தொன்பது வயசு, மான் மாதிரி ஓடுவான். உங்களுக்கு நாப்பத்தாறு.

ரதீசன்: நாப்பத்தஞ்சு.

ஷெரோன்: படியேறி மேலை போனால், கட்டில் விளிம்பிலை இருட்டுக்குள்ளை இருந்து மூச்சு வாங்கிப்போட்டுத்தான் லைட்டைப் போடுறியள்.

ரதீசன்: அது தியானம். இஞ்சரும், முன்னுக்கு ஜெயனி, றொசானா எல்லாரும் ஓடி ஓடிக் கோல் அடிக்கினம். ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் கலந்து விளையாடுற லீக், சந்தோசம். ஆனால் பின்னுக்கு ஒரு கனமான ஆள் வேண்டாமோ? பனி கொட்டேக்கை நீர் காரை ஆரிட்டைத் தாறீர்? என்னட்டையோ, லக்ஷனிட்டையோ?

ஷெரோன்: போன பனிக்குப் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியை இடிச்சது ஆர்?

ரதீசன்: அது வெள்ளைப் பெட்டி. வெள்ளைக்குள்ளை வெள்ளையை வைச்சால்...

ஷெரோன்: இஞ்சை பாருங்கோ. இந்த அணி தொடங்கி ரண்டு வருசம். ஒரு மட்ச் வெல்லேல்லை. நாளையோடை இந்த வருச லீக்கும் முடிஞ்சுது. ஒரேயொருக்கா வெல்லவேணும், அவ்வளவுதான் என்ரை ஆசை. அதுக்கு ஆரெண்டாலும் ஒரு ஆள் அவங்கடை பஸ்காலை மறிக்கவேணும்.

ரதீசன்: எந்தப்... எந்தப் பஸ்கால்?

ஷெரோன்: வீடு மாறுற ஆக்களுக்குச் சாமான் ஏத்தி இறக்கிற பஸ்கால். பிரிட்ஜைத் தனியத் தூக்குறவன். போன முறை உங்கடை தோளிலை ஏறிப் பந்தைப் பிடிச்சுப்போட்டு, இறங்கேக்கை பிரெஞ்சிலை 'மெர்சி' எண்டு நன்றி சொன்னவன்.

ரதீசன்: ஓ... அவனோ. மரியாதையான பெடியன்.

ஷெரோன்: அவன்ரை சப்பாத்து அடையாளம் இன்னும் உங்கடை தோளிலை கிடக்குது.

ரதீசன்: சப்பாத்து எண்டதும்தான் ஞாபகம் வருது. வாசலிலை ஒரு புதுப் பெட்டி கண்டனான். அடியிலை ஆணி வைச்ச சப்பாத்து. எனக்கு வேண்டேல்லை எண்டது பாத்த உடனை தெரியுது. பெடியனுக்கு வேண்டி வைச்சு முடிவும் எடுத்தாச்சு, என்ன?

ஷெரோன்: ஆருக்கு எண்டு நான் சொன்னனானோ?

ரதீசன்: சொல்லவேண்டாம். எனக்கு விளங்குது. அனுபவத்துக்கு இந்த வீட்டிலை மதிப்பில்லை. என்ரை அண்ணைக்கு நான் என்ன சொல்லுவன்? மெல்பேர்ணிலை மனுசன் நித்திரை முழிச்சு ரெலிபோனிலை மட்ச் பாக்கப்போறார்.

ஷெரோன்: அவருக்கு என்ன புழுகி வைச்சிருக்கிறியள்?

ரதீசன்: புழுகேல்லை. இந்த அணியின்ரை தூணே நான்தான் எண்டு சொன்னனான்.

ஷெரோன்: அசையாமல் நிண்டதாலை சொல்லலாம்தான். எழும்புங்கோ, ஒரு சோதினை வைப்பம்.

ரதீசன்: புட்டுத் திண்ட வயித்தோடையோ?

ஷெரோன்: எழும்புங்கோ. இந்தத் தலகணிதான் பந்து. மேலை எறிவன். நீங்கள் பஸ்கால், எம்பிப் பிடிக்கவேணும்.

ரதீசன்: நான் பஸ்காலோ? அப்ப குத்துறது ஆர்?

ஷெரோன்: பேசாமல் பிடியுங்கோ. ஒண்டு, ரண்டு, மூண்டு!

ரதீசன்: ஹெப்! ...எங்கை தலகணி?

ஷெரோன்: அலுமாரிக்கு மேலை.

ரதீசன்: நான் கை வைக்க முதலே... நீர் எங்காலை வந்தனீர்?

ஷெரோன்: பின்னாலை. ஆளைப் பாக்கக்கூடாது, முட்டக்கூடாது. பந்தை மட்டும் பாத்து ஓடி வந்து ஒரு குத்து. பிரிட்ஜ் தூக்குறவன் எண்டாலும், அவன்ரை கைக்கு முதல் எங்கடை கை போனால் சரி.

ரதீசன்: நல்லாத்தான் சொல்லித் தாறீர். பேச்சுக்கு உம்மை அடிக்க ஆளில்லை.

ஷெரோன்: இப்ப நான் பஸ்கால். நீங்கள் குத்துங்கோ. ஒண்டு, ரண்டு, மூண்டு!

ரதீசன்: ஆஆ! எப்பிடி?

ஷெரோன்: அது லைட்.

ரதீசன்: ...ஆடுது.

ஷெரோன்: ஆடட்டும். பாத்துக்கொண்டு நிக்காமல் தள்ளி நில்லுங்கோ.

ரதீசன்: நிண்டிட்டுது. பாத்தீரோ, உடையேல்லை. அளவா அடிச்சனான்.

ஷெரோன்: சரி. நல்லா யோசிச்சுப் பாத்தன். நீங்கள் சொல்லுறதுதான் சரி.

ரதீசன்: எது?

ஷெரோன்: அனுபவம்தான் வேணும். நாளைக்கு நீங்கள்தான் விளையாடுறியள்.

ரதீசன்: நானோ? லைட்டுக்குக் குத்தின நானோ?

ஷெரோன்: ஓம். ஏன், சந்தோசமில்லையோ?

ரதீசன்: சந்தோசம். கனக்கச் சந்தோசம். ஆனால் ஷெரோன், அவசரப்படாதையும்.

ஷெரோன்: அவசரமில்லை. பன்னிரண்டு மணிக்கு முதல் லீக்குக்குப் பேர் குடுத்தால் போதும்.

ரதீசன்: இல்லை, பெடியளுக்கும் ஒரு சந்தர்ப்பம் குடுக்கத்தானே வேணும். எதிர்காலம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ.

ஷெரோன்: பந்து ஒருபக்கம், பெடியள் ஒருபக்கம் எண்டு இப்பதானே சொன்னியள்?

ரதீசன்: அது பொதுவாச் சொன்னது. லக்ஷன் அப்பிடியில்லை. இப்ப என்ன மாதிரிக் குத்துறான் தெரியுமோ!

ஷெரோன்: ரண்டு கிழமையாப் பயிற்சிக்கே வராத பெடியன் குத்துறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

ரதீசன்: ...முகத்தைப் பாத்தால் தெரியாதோ?

ஷெரோன்: பஸ்கால் அவனைத் தூக்கி லொறியிலை ஏத்திப்போடுவான். அனுபவம்தான்.

ரதீசன்: இளரத்தம்!

ஷெரோன்: அனுபவம்!

ரதீசன்: வேகம் ஷெரோன், வேகம்! கிழடுகளை வைச்சுக்கொண்டு ஒரு அணியும் உருப்படாது!

ஷெரோன்: ஆரந்தக் கிழடு?

ரதீசன்: ...அதுவும் பொதுவாச் சொன்னது.

ஷெரோன்: வாசல் மணி அடிக்குது. லக்ஷனாத்தான் இருக்கும், நான்தான் வரச் சொன்னனான். ரண்டு பேரையும் பக்கத்திலை பக்கத்திலை நிப்பாட்டிப் பாப்பம். நீங்கள் கதவைத் திறவுங்கோ, நான் தேத்தண்ணிக்கு வைச்சிட்டு வாறன்.

ரதீசன்: வாறன், வாறன்... உஸ்ஸ்! மெல்லமா உள்ளை வா.

லக்ஷன்: போன்ஜூர் மாமா. மாமி ஏன் என்னை அவசரமா—

ரதீசன்: மெல்லமாக் கதை, குசினியிலை நிக்கிறா. கால் எப்பிடி?

லக்ஷன்: பாண் மாதிரி வீங்கியிருக்கு. நோத்ர-டாமிலை இருந்து பஸ், ரெயின் எல்லாம் ஏறிக் கெந்திக் கெந்தி வந்திருக்கிறன்.

ரதீசன்: தெப்பனர் கடையிலை ஐஸ் வேண்டித் தந்தனானெல்லோ. வைக்கேல்லையோ?

லக்ஷன்: வீட்டை போய்ச் சேர முதல் அது உங்கடை கார் சீற்றிலை உருகிப்போச்சு.

ரதீசன்: மாமிக்கு முன்னாலை கெந்தாதை. நேரா நட. நாளைக்கு நீ விளையாடாட்டில் நான் பஸ்காலுக்குக் கீழை, விளங்குதோ?

லக்ஷன்: அரிசி மூட்டையைத் தோளிலை வைச்சுக்கொண்டு ஓடு எண்டு நீங்கள்தானே சொன்னியள்!

ரதீசன்: உனக்குப் பலம் வரட்டும் எண்டு சொன்னனான். நீ விழுவாய் எண்டு நான் கனவு கண்டனானோ?

லக்ஷன்: மூட்டை கிழிஞ்சுதெல்லோ! பார்க் முழுக்க அரிசி. அதுக்கு மேலை சறுக்கினால் ஆர் விழாமல் நிப்பினம்?

ரதீசன்: உஸ்! வாறா. சிரி!

ஷெரோன்: என்ன, மாமனும் மருமகனும் வாசலிலை குசுகுசுக்கிறியள்? லக்ஷன், ஏன் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய்?

லக்ஷன்: சந்தோசம் மாமி.

ஷெரோன்: இந்த வீட்டிலை இண்டைக்கு எல்லாருக்கும் சந்தோசம். சரி, ஒருக்காத் துள்ளு பாப்பம்.

லக்ஷன்: இப்பவோ?

ரதீசன்: பெடியன் தூரத்திலை இருந்து வந்து களைச்சுப்போய்...

ஷெரோன்: பத்தொன்பது வயசிலை ரெயினிலை இருந்து வந்ததுக்குக் களைப்போ? துள்ளு தம்பி.

லக்ஷன்: ...ஆஆவ்!

ஷெரோன்: ஒற்றைக் காலிலை துள்ளுறதென்ன, புது முறையோ?

ரதீசன்: இப்ப மெல்பேர்ணிலை எல்லாரும் அப்பிடித்தான்...

ஷெரோன்: மெல்பேர்ணைப் பற்றி எனக்குச் சொல்லாதையுங்கோ. வியாழக்கிழமை கோயிலடியிலை அக்னெஸ் அக்காவைக் கண்டனான். "ஷெரோன், உம்மடை மனுசன் என்ன புண்ணியவான்! பார்க்கிலை கடற்காகங்களுக்கு ஒரு மூட்டை அரிசி கொட்டிச் சாப்பாடு போடுறார். பக்கத்திலை ஒரு பெடியன் நிலத்திலை விழுந்து கிடந்து செபிக்கிறான்" எண்டு சொன்னா.

லக்ஷன்: நான் செபிக்கேல்லை மாமி. கத்தினனான்.

ரதீசன்: ...அப்ப உமக்கு வியாழக்கிழமையே எல்லாம் தெரியும்.

ஷெரோன்: எல்லாம் தெரியாது. எலி காரிலை குளிச்சது இண்டைக்குத்தான் தெரியும்.

ரதீசன்: தெரிஞ்சுகொண்டோ என்னை விட்டு லைட்டுக்குக் குத்த வைச்சனீர்?

ஷெரோன்: எவ்வளவு நேரம் நடிக்கிறியள் எண்டு பாத்தனான். ஏன் இதெல்லாம்?

ரதீசன்: சரி, சொல்லுறன். எனக்குப் பஸ்கால் எண்டால் பயம். கண்ணை மூடினால் 'மெர்சி' எண்டு கேக்குது. ஆனால் அண்ணைக்கு நான் விட்ட புழுகுக்கு, 'ஏலாது' எண்டு நானாச் சொன்னால் மானம் போயிடும். இவனை ஒளிச்சு வைச்சுப் பழக்கினால் நீர் இவனை எடுப்பீர். நானும், "என்ன செய்யிறது அண்ணை, கோச் என்ரை மனுசியாப் போச்சு, இளசைத்தான் எடுத்தவ" எண்டு ஒரு பெருமூச்சோடை சொல்லியிருப்பன்.

லக்ஷன்: அந்தப் பெருமூச்சையும் பார்க்கிலை பழகினவர் மாமி.

ரதீசன்: நீ வாயை மூடு.

ஷெரோன்: பயமாயிருக்கு எண்டு என்னட்டை ஒரு சொல் சொல்லியிருந்தால், பெடியன்ரை காலும் மிஞ்சியிருக்கும், அரிசியும் மிஞ்சியிருக்கும்.

ரதீசன்: கோச்சிட்டை எப்பிடிச் சொல்லுறது?

ஷெரோன்: மனுசியிட்டைச் சொல்லியிருக்கலாம்.

ரதீசன்: ரண்டும் ஒரே ஆளாயிருக்கிறதுதானே கரைச்சல்.

லக்ஷன்: அப்ப நாளைக்கு ஆர் மாமி? அனுபவம் பயப்பிடுது, இளரத்தம் கெந்துது.

ரதீசன்: பாவம், உனக்கு எண்டு புதுச் சப்பாத்தும் வேண்டி வைச்சிருக்கிறா. எதுக்கும் ஒருக்காப் போட்டுப் பார். இறுக்கிக் கட்டினால் சிலவேளை கால் நிக்கும்.

லக்ஷன்: முதல் நல்ல காலைப் போடுறன்... போகுதில்லை மாமா.

ரதீசன்: குதியை அமத்து.

லக்ஷன்: பாதிக்கு மேலை போகுதேயில்லை. மாமி, கடைக்காரன் அளவை மாத்தித் தந்திட்டான்.

ரதீசன்: இப்ப அதுவோ முக்கியம்? பன்னிரண்டு ஆகப்போகுது! ஷெரோன், கெதியா ஆரின்ரையெண்டாலும் பேரைக் குடும்!

ஷெரோன்: காலமை நீங்கள் எழும்ப முதலே குடுத்திட்டன்.

ரதீசன்: ஆரின்ரை பேரை?

ஷெரோன்: தம்பி, அதைக் கழட்டிப் பெட்டியிலை வை, உன்ரை காலுக்கு இழுபட்டுப்போம், நாளைக்கு நான் போட்டு விளையாடவேணும். இஞ்சருங்கோ, நீங்கள் ஏன் வாயைத் திறந்துகொண்டு நிக்கிறியள்? நாளைக்குத் தோடம்பழம் வெட்டுறது நீங்கள், எல்லாம் நாலு நாலு துண்டா... பயப்பிடாதையுங்கோ, அதுக்கு அனுபவம் தேவையில்லை.